சேகரித்தவர்

மழை நாளில் நாஃப்தலீன் வாசனை
தரைக்கு இறங்கிவிடும்.
கோட்டைப் பகுதி, மூன்றாம் மாடி, பறவைத் தோல் அறை.
நூற்றுப் பன்னிரண்டு இரும்பு அலமாரி.
ஒரு மின்விசிறி உண்டு, போடக்கூடாது,
இறகு பறக்கும்.

என் வேலை தட்டச்சு.
மல்லாந்து கிடக்கிறவற்றின்
காலில் கட்டிய சீட்டைப் பார்த்துக்
கணினியில் ஏற்ற வேண்டும்:
இனம், பால், இடம், தேதி, சேகரித்தவர்.
நாளைக்கு அறுபது பறவை, ஒப்பந்தக் கூலி,
கையுறை மட்டும் அவர்கள் செலவு.
தோலின் உட்புறம் பூசியது பாஷாணம்.
தொண்ணூறு வருஷம் கழிந்தும்
விஷம் விஷந்தான்.

சேகரித்தவர் என்றால் சுட்டவர்.
சில சமயம் அதுகூட இல்லை,
சுடச் சொன்னவர்.
கேப்டன் ஹார்வுட் பெயரில் மட்டும் ஆயிரத்து நானூறு.
1931, மார்ச் ஒன்பது,
காஸில்ராக் காட்டில் ஒரே பகலில் முப்பத்தொன்று.
அத்தனையும் உரித்து, கொழுப்பு சுரண்டி, பஞ்சடைத்து
விடிவதற்குள் தைத்தாக வேண்டும்,
இல்லையென்றால் நாறிவிடும்.
அந்த ராத்திரி கேப்டன் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்.
சூப் நன்றாக இருந்ததாம்.

தையலை நான் முதலில் கவனிக்கவில்லை.
மாங்குயில், மரங்கொத்தி, ஒரு கிழட்டுச் செம்போத்து.
வயிற்றில் ஓடுகிற நூல்
மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.
என் தம்பி இடக்கைக்காரன்.
அவன் கட்டுகிற ஷூ நாடா
இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும்.
எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பதினெட்டு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்
பழைய சம்பளப் பேரேட்டைப் புரட்டினேன்.
'தோலுரிப்பவன், மதராஸி, ஒன்று.'
ஒருவர் இல்லை,
ஒன்று.
தினக்கூலி எட்டணா.
கையெழுத்துக்கான இடத்தில் பெருவிரல் மை.

ஆகஸ்டில் இருவாச்சி பிளந்தது.
வண்டு அரித்த வயிறு.
அவ்வளவு பெரிய பறவைக்குள்
பஞ்சு தீர்ந்துபோயிருக்கும் போல.
சணல், காய்ந்த புல்,
சுருட்டித் திணித்த ஒரு காகிதம்.
காப்பாளர் ஃப்ரேனி தஸ்தூர்
இடுக்கியால் மெல்லப் பிரித்தார்.
இது எந்த பாஷை என்று கேட்டார்.

என் பாஷை.

'தாராவி, காலா கில்லா தோல் மண்டி.
வெள்ளாட்டுத் தோல் நாற்பத்திரண்டு. கழிவு மூன்று.
பாக்கி அணா ஆறு.
பிச்சைக்கனி வசம் கொடுத்தனுப்பவும்.'

அவன்தான் என்றேன்.
எதை வைத்துச் சொல்கிறாய் என்றார் ஃப்ரேனி,
கோபமில்லாமல்.

அவர் கேட்டது நியாயம்.
பிச்சைக்கனி தைத்தவனாக இருக்கலாம்.
தோல் சுமந்தவனாக,
வசூலுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியவனாக இருக்கலாம்.
பெருவிரல் வைத்த யாரோ ஒருவன்
வாசிக்கத் தெரியாத சீட்டைப்
பறவைக்கு இரையாகப் போட்டிருக்கலாம்.
நான் காலா கில்லாவில் ஏழு வருஷம் குடியிருந்தவள்.
ஆறணா பாக்கி அந்தச் சந்தில்
சின்ன விஷயமில்லை,
அது மட்டும் எனக்குத் தெரியும்.

இருவாச்சியின் பக்கத்தைத் திறந்து
குறிப்பு என்ற கட்டத்தில் தமிழில் தட்டினேன்,
பிச்சைக்கனி.
சேமித்ததும்
பதினொரு கேள்விக்குறிகள் வந்து நின்றன.
அழிக்கவில்லை.
ஃப்ரேனி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
அவரும் அழிக்கச் சொல்லவில்லை.

வயிற்றை அவரே தைத்தார், வலக்கையால்.
காகிதத்துக்குத் தனி எண், பிளாஸ்டிக் உறை,
வேறு இழுப்பறை.
அதற்கும் அதே படிவந்தான் இருக்கிறது.
இனம், பொருந்தாது.
பால், பொருந்தாது.
இடம், வயிறு.
சேகரித்தவர் கட்டத்தைக் காலியாக விட்டால்
கணினி அடுத்த பக்கம் போகாது.

மணி ஐந்தரை.
சயான் வண்டி ஐந்து நாற்பத்தெட்டுக்கு.
இருவாச்சி என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.